விசையா, ஆற்றலா, உந்தமா: இயக்கவியல் கணக்குக்கு எந்த வழி?

பிளஸ் டூ முடித்து இயற்பியலோ பொறியியலோ சேருபவர்களுக்கு முதல் ஆண்டிலேயே இயக்கவியல் வந்து நிற்கும். அதில் வரும் விதிகள் பெரும்பாலும் பழகியவைதான். நியூட்டனின் மூன்று விதிகள், வேலை-ஆற்றல் தேற்றம், உந்தமாறா விதி எல்லாமே பதினொன்றாம் வகுப்பில் பார்த்தவை. இருந்தும் தேர்வில் தடுமாறுகிறார்கள். பள்ளியில் பாடத்தின் தலைப்பே பாதி விடையைச் சொல்லிவிடும். 'வேலை, ஆற்றல், திறன்' பாடத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் கணக்கை ஆற்றலை வைத்துத்தான் போடவேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லூரித் தேர்வுத்தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. ஒரு கப்பி, ஒரு கயிறு, இரண்டு எடைகள் இருக்கும். எந்த வழியில் போவது என்பதை நீங்களேதான் முடிவு செய்யவேண்டும்.

கையில் இருப்பவை மூன்று பெரிய வழிகள். விசைப்படம் வரைந்து நியூட்டனின் இரண்டாம் விதியை எழுதுவது ஒன்று. தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள ஆற்றலைச் சமன்படுத்துவது இரண்டாவது. உந்தத்தையும் (நிறை × வேகம்) கணத்தாக்கையும் (விசை × அது நீடித்த நேரம்) பிடித்துக்கொள்வது மூன்றாவது. இவற்றுக்குப் பக்கத்தில் போலி விசையும் லக்ராஞ்சி என்ற கணித அறிஞரின் முறையும் உண்டு; அவற்றைக் கடைசியில் பார்ப்போம். இவற்றில் எது உயர்ந்தது என்ற கேள்வியில் எனக்கு ஆர்வம் இல்லை. ஒவ்வொரு வழியும் ஏதாவது ஒரு தகவலைக் கைவிட்டுத்தான் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. கேள்வியில் கேட்காத தகவலைக் கைவிடும் வழி எதுவோ, அதுவே அந்தக் கணக்குக்குப் பொருத்தம். இதைக் கணக்குகளை வைத்தே பார்த்துவிடலாம். ஈர்ப்பு முடுக்கத்தை எல்லா இடத்திலும் 10 மீ/வி² என்றே வைத்துக்கொள்கிறேன். எண்கள் கண்ணை உறுத்தாமல் இருக்கும்.

அதற்கு முன் ஓர் ஆய்வைப் பற்றிச் சொல்லவேண்டும். 1981-ல் மிச்சலின் சீ, பால் ஃபெல்டோவிச், ராபர்ட் கிளேசர் ஆகிய மூவரும் அமெரிக்காவில் வெளியிட்டது. இயற்பியலில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்கள் எட்டுப் பேர், இயக்கவியல் பாடத்தை அப்போதுதான் முடித்த இளநிலை மாணவர்கள் எட்டுப் பேர். இரு தரப்பிடமும் 24 கணக்குகளைக் கொடுத்து, விடை காணவேண்டாம், ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து அடுக்கினால் போதும் என்றார்கள். இளநிலை மாணவர்கள் சாய்தளக் கணக்குகள் ஒரு பக்கம், சுருள்வில் கணக்குகள் ஒரு பக்கம் என்று படத்தைப் பார்த்து அடுக்கினார்கள். மற்றவர்கள் ஆற்றல் மாறா விதியில் போடவேண்டியவை, இரண்டாம் விதியில் போடவேண்டியவை என்று அடுக்கினார்கள். சாய்தளமும் சுருள்வில்லும் அவர்களுடைய அடுக்கில் ஒன்றாகவே கிடந்தன. நம் ஊர் வழிகாட்டிப் புத்தகங்களும் 'கப்பிக் கணக்குகள்', 'லிஃப்ட் கணக்குகள்' என்று தலைப்புப் போட்டு முதல் பழக்கத்தைத்தான் வளர்க்கின்றன.

நேரமா, தூரமா?

ஆற்றலுக்கும் உந்தத்துக்கும் உள்ள போட்டி நம் தேர்வுத்தாளில் தொடங்கியது இல்லை. நகரும் பொருளின் வலிமையை எதை வைத்து அளப்பது என்று ஐரோப்பாவில் பல பத்தாண்டுகள் சண்டை நடந்தது. டெகார்ட்டின் வழிவந்தவர்கள் நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் போதும் என்றார்கள். 1686-ல் லைப்னிட்ஸ் எழுந்து, வேகத்தின் வர்க்கத்தைத்தான் பெருக்கவேண்டும் என்றார். 1720-களில் டச்சு அறிஞர் ஸ்கிராவசாண்ட பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணில் விழவிட்டுப் பார்த்தார். வேகம் இரண்டு மடங்கானால் பள்ளத்தின் அளவு நான்கு மடங்கானது. லைப்னிட்ஸ் கட்சிக்கு அது பெரிய பலம்.

இன்று பார்த்தால் இரு தரப்பும் சரிதான். குண்டை நிறுத்தும் விசை மாறாமல் இருந்தால், இரண்டு மடங்கு வேகத்தில் வரும் குண்டு நிற்க இரண்டு மடங்கு நேரம் ஆகும். ஆனால் நான்கு மடங்கு தூரம் போகும். விசையை நேரத்தால் பெருக்கினால் உந்தத்தின் மாற்றம், தூரத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றலின் மாற்றம். வழி தேர்வதற்கு முதல் அடையாளம் இங்கேதான் கிடைக்கிறது. கேள்வியில் 'எத்தனை வினாடி' என்று இருந்தால் உந்தத்தின் பக்கம் பாருங்கள். 'எவ்வளவு தூரம் போனபின்', 'எந்த உயரத்திலிருந்து' என்று இருந்தால் ஆற்றலின் பக்கம். 'அந்தக் கணத்தில் கயிற்றின் இழுவிசை என்ன', 'முடுக்கம் என்ன' என்று இருந்தால் விசைப்படம் இல்லாமல் முடியாது.

ஆற்றல் எதைக் கைவிடுகிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கு. 25 மீட்டர் உயர மாடியிலிருந்து ஒரு கல்லை 20 மீ/வி வேகத்தில் நேராக மேலே எறிகிறீர்கள். இன்னொரு கல்லை அதே வேகத்தில் நேராகக் கீழே எறிகிறீர்கள். தரையைத் தொடும்போது இரண்டின் வேகமும் 30 மீ/வி. ஆற்றல் சமன்பாடு ஒரே வரியில் இதைச் சொல்லிவிடும்: 400 + 2 × 10 × 25 = 900. ஆனால் முதல் கல் விழ 5 வினாடி ஆகிறது, இரண்டாவதுக்கு 1 வினாடிதான். இந்த வித்தியாசம் ஆற்றலின் கண்ணில் படவே படாது. மாதக் கடைசியில் பாஸ்புக்கில் இருப்பைப் பார்ப்பது போலத்தான். எவ்வளவு குறைந்தது என்று தெரியும், எந்தத் தேதியில் குறைந்தது என்று தெரியாது. வேகத்தின் வர்க்கம் மட்டுமே கிடைப்பதால் திசையும் தொலைந்துபோகும்.

தூரம், நேரம் பார்த்துத் தேர்வது பாதி வேலைதான். மீதிப் பாதிக்கு இன்னொரு கேள்வி உண்டு: இந்தக் கணக்கில் எந்த விசை உங்களுக்குத் தெரியாது? அசையாத பரப்பின் செங்குத்து எதிர்விசை (பரப்புக்குக் குத்தாக அது திருப்பித் தள்ளும் விசை) நகர்வுக்குக் குத்தாக இருப்பதால் வேலை செய்யாது. ஆகவே ஆற்றல் சமன்பாட்டில் வராது. நீளாத கயிற்றின் இழுவிசை ஒரு முனையில் செய்யும் வேலையும் மறுமுனையில் செய்யும் வேலையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், அதுவும் வராது. மோதலில் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று எவ்வளவு முரட்டுத்தனமாகத் தள்ளினாலும் அந்த அக விசைகள் மொத்த உந்தத்தில் வராது. தெரியாத விசை எந்தச் சமன்பாட்டில் தானாகவே காணாமல் போகிறதோ, அங்கே போவதுதான் லாபம்.

ஒரு கப்பி, மூன்று வழிகள்

ஜார்ஜ் அட்வுட் என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர் 1784-ல் விவரித்த கருவி இன்றும் முதலாண்டுப் பாடத்தை விட்டுப் போகவில்லை. கப்பியின் மேல் ஒரு கயிறு, இரு முனையிலும் எடைகள். வெறுமனே விழும் பொருள் கடிகாரத்துக்குப் பிடிபடாத வேகத்தில் போய்விடும். இரண்டு எடைகளைக் கட்டி முடுக்கத்தைக் குறைத்தால் நிதானமாக அளக்கலாம் என்பதே அவர் யோசனை.

ஒரு பக்கம் 3 கிலோ, மறுபக்கம் 2 கிலோ. கப்பிக்கு நிறையோ உராய்வோ இல்லை. 3 கிலோ தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது விடுகிறோம். அது தரையைத் தொடும்போது வேகம் என்ன?

விசை வழியில் இரண்டு படங்கள், இரண்டு சமன்பாடுகள். 3 கிலோவுக்கு: 30-லிருந்து இழுவிசையைக் கழித்தால் 3 மடங்கு முடுக்கம். 2 கிலோவுக்கு: இழுவிசையிலிருந்து 20-ஐக் கழித்தால் 2 மடங்கு முடுக்கம். கூட்டினால் முடுக்கம் 2 மீ/வி², இழுவிசை 24 நியூட்டன். அதிலிருந்து 1 மீட்டர் கடந்தபின் வேகம் 2 மீ/வி, ஆன நேரம் 1 வினாடி. ஆற்றல் வழியில் ஒரே வரி: இழந்த நிலை ஆற்றல் 30 - 20 = 10 ஜூல்; அது 5 கிலோவின் இயக்க ஆற்றலாகிறது; வேகம் 2 மீ/வி. முடிந்தது. இழுவிசை பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதுவரை பார்த்தால் ஆற்றல் வழி கொஞ்சம் சுருக்கம், அவ்வளவுதான். உண்மையான வித்தியாசம் கப்பிக்கு நிறை வரும்போது தெரியும். கப்பி 2 கிலோ நிறையுள்ள வட்டத்தட்டு என்று வைப்போம், கயிறு வழுக்காமல் அதைச் சுழற்றுகிறது. விசை வழியில் இப்போது இரு பக்கத்து இழுவிசைகளும் வேறு வேறு. கப்பிக்கும் ஒரு திருப்புவிசைச் சமன்பாடு எழுதவேண்டும். மூன்று சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்கவேண்டும். ஆற்றல் வழியில் தட்டின் சுழற்சி ஆற்றல் மட்டும் கூடுதலாக வருகிறது. அது 1 கிலோ நேராக நகர்வதற்குச் சமம். 5 இருந்த இடத்தில் 6 என்று போட்டால் போதும்; வேகம் சுமார் 1.83 மீ/வி. பலர் இந்தக் கட்டத்தில் இரண்டு பக்கமும் ஒரே இழுவிசை என்று எழுதித் தவறுவார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் தட்டைச் சுழற்றுவது யார்? உண்மையில் ஒரு பக்கம் 25 நியூட்டன், மறுபக்கம் 23.3 நியூட்டன். ஆற்றல் வழியில் போனவருக்கு அந்தத் தவறைச் செய்ய வாய்ப்பே இல்லை. ஆனால் 'இரண்டு இழுவிசைகளையும் காண்க' என்று அடுத்த உட்பிரிவு வந்தால் அவரும் விசைப்படத்துக்குத் திரும்பித்தான் ஆகவேண்டும்.

சரி, நிறையற்ற கப்பிக்கே திரும்புவோம். இந்தக் கணக்கின் இரண்டாம் பகுதியில்தான் சுவை. 3 கிலோ தரையில் பட்டுத் துள்ளாமல் அப்படியே நிற்கிறது. கயிறு தளர்ந்துவிடும். 2 கிலோ மேல்நோக்கி 2 மீ/வி வேகத்தோடு தனியாகப் போகிறது, 0.2 மீட்டர் ஏறி, திரும்பி விழுந்து, 0.4 வினாடியில் பழைய இடத்துக்கு அதே 2 மீ/வி வேகத்தில் வருகிறது. அந்த நொடியில் கயிறு சட்டென்று இறுகி 3 கிலோவைத் தரையிலிருந்து தூக்குகிறது. தூக்கிய உடனே வேகம் என்ன?

ஆற்றலை வைத்துப் போடுபவர்கள் இங்கே சரியாக மாட்டிக்கொள்வார்கள். கயிறு இறுகும் நொடியில் ஆற்றல் வெப்பமாகவும் ஒலியாகவும் போகிறது. எவ்வளவு போகிறது என்று முன்கூட்டியே சொல்லமுடியாது. விசை வழியும் உதவாது. ஏனென்றால் அந்த நொடியில் இழுவிசை எவ்வளவு, எத்தனை மில்லிவினாடி நீடித்தது என்று யாருக்குத் தெரியும்? கணத்தாக்குதான் வழி. கயிறு இரு பக்கமும் ஒரே கணத்தாக்கைத் தருகிறது. 2 கிலோ அந்த அளவு உந்தத்தை இழக்கிறது, 3 கிலோ அதே அளவைப் பெறுகிறது. எனவே 2 × 2 = 5 × புதிய வேகம்; விடை 0.8 மீ/வி. கணத்தாக்கு 2.4 நியூட்டன் வினாடி. இயக்க ஆற்றல் 4 ஜூலிலிருந்து 1.6 ஜூலுக்கு இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு மறுபடி விசையோ ஆற்றலோ போதும்: 3 கிலோ 0.16 மீட்டர் உயரம் வரை ஏறும்.

விடைத்தாள்களில் இந்த இடத்தில் 'உந்தமாறா விதிப்படி' என்று எழுதியிருப்பார்கள். விடை சரியாக வரும், காரணம் தவறு. மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாக எடுத்துக் கூட்டிப் பாருங்கள். இறுகுவதற்கு முன் மொத்த உந்தம் கீழ்நோக்கி 4. இறுகிய பின் 2 கிலோவுக்குக் கீழ்நோக்கி 1.6, 3 கிலோவுக்கு மேல்நோக்கி 2.4, மொத்தம் மேல்நோக்கி 0.8. உந்தம் மாறியிருக்கிறது! கப்பியைத் தாங்கும் அச்சு மேல்நோக்கி 4.8 அளவுக்குக் கணத்தாக்கு தந்திருக்கிறது. அச்சைச் சுற்றிய கோண உந்தம்தான் மாறாமல் இருக்கிறது, ஏனென்றால் அச்சின் விசைக்கு அச்சைச் சுற்றித் திருப்புவிசை கிடையாது. கயிற்றின் கணத்தாக்கு இரு பக்கமும் சமம் என்று எழுதினாலும் போதும். ஒரு விதியின் பெயரை எழுதுவதற்கு முன் அதற்கான நிபந்தனை இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை இந்த ஒரே கணக்கில் சொல்லித் தந்துவிடலாம்.

மோதலில் ஆற்றலை நம்பினால்

கணத்தாக்கை விட்டுவிட்டு ஆற்றலைப் பிடித்தால் எவ்வளவு தூரம் தவறும் என்பதற்குத் துப்பாக்கிக் குண்டு நல்ல உதாரணம். 1742-ல் இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸ் குண்டின் வேகத்தை அளக்க ஒரு வழியை வெளியிட்டார்: கனமான மரக்கட்டையைத் தொங்கவிட்டு அதில் சுடுவது, கட்டை எவ்வளவு உயருகிறது என்று பார்ப்பது. 10 கிராம் குண்டு 1.99 கிலோ கட்டையில் புதைந்து, இரண்டும் சேர்ந்து 20 செ.மீ. உயர்கின்றன என்று வைப்போம். புதைந்தபின் ஏறும் பகுதிக்கு ஆற்றல் பொருந்தும்: வேகம் 2 மீ/வி. புதையும் பகுதிக்கு உந்தம்: 2 × 2 ÷ 0.01, அதாவது 400 மீ/வி.

தொடக்கம் முதல் முடிவு வரை ஆற்றலையே பிடித்துக்கொண்டு போனால் 28 மீ/வி என்று வரும். வேகப்பந்து வீச்சாளர் எறியும் பந்து இதைவிட வேகமாகப் போகும்! விட்டுப்போன ஆற்றல் எங்கே? குண்டிடம் 800 ஜூல் இருந்தது. கட்டையோடு சேர்ந்து நகர்வது 4 ஜூல் மட்டும். மீதி 796 ஜூல் மரத்தைக் கிழிப்பதிலும் சூடாக்குவதிலும் போய்விட்டது.

இதைவிட நுணுக்கமானது மணல் கணக்கு. நிமிர்ந்து யோசிக்கவைக்கும் கணக்கு என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது. 2 மீ/வி வேகத்தில் ஓடும் கன்வேயர் பெல்ட் மேல் வினாடிக்கு 5 கிலோ மணல் நேராக மேலிருந்து விழுகிறது. பெல்ட்டின் வேகம் குறையாமல் இருக்க எவ்வளவு கூடுதல் விசை வேண்டும்? உந்த வழியில் ஒவ்வொரு வினாடியும் 5 கிலோ மணல் 2 மீ/வி வேகம் பெறுகிறது. விசை 10 நியூட்டன். ஆற்றல் வழியில் வினாடிக்கு மணல் பெறும் இயக்க ஆற்றல் 10 ஜூல். அதை 2 மீ/வி ஆல் வகுத்தால் 5 நியூட்டன். எது சரி?

உந்தம் சொன்ன 10 நியூட்டன்தான். மோட்டார் தரும் திறன் 20 வாட். அதில் சரிபாதி மணலின் இயக்க ஆற்றலாகிறது, மறுபாதி மணல் பெல்ட்டில் வழுக்கி நிலைக்கு வரும்போது உராய்வில் வெப்பமாகிறது. பெல்ட்டைச் சொரசொரப்பாக்கினால் இழப்பு குறையுமா என்று கேட்பவர்கள் உண்டு. குறையாது, வழுக்கும் தூரம் குறையும், ஒவ்வொரு மணல்துகளின் மேலும் உராய்வு விசை அந்த அளவுக்குக் கூடும், பாதி பாதியாகவே இருக்கும். நிறை வந்து சேர்வதோ கழன்று போவதோ உள்ள எந்தக் கணக்கிலும், சங்கிலியோ ராக்கெட்டோ மணலோ, ஆற்றலை முதலில் கையில் எடுக்காதீர்கள்.

உராய்வு உள்ள இடம்

உராய்வு வந்தால் ஆற்றல் வழி பயன்படாது என்று சிலர் சொல்வதுண்டு. அது முழு உண்மை இல்லை. 30° சாய்தளத்தில் ஒரு கட்டை 5 மீட்டர் சறுக்குகிறது, இயக்க உராய்வுக் குணகம் 0.2. விசை வழியில் முடுக்கம் 3.27 மீ/வி², கீழே வரும்போது வேகம் 5.7 மீ/வி. ஆற்றல் வழியிலும் உராய்வு செய்த வேலையைக் கழித்தால் அதே 5.7. ஆனால் உராய்வு தெரியவேண்டுமென்றால் செங்குத்து எதிர்விசை தெரியவேண்டும்; அதற்கு விசைப்படம் வரைந்துதான் ஆகவேண்டும். வரைந்த பிறகு இரண்டு வழியிலும் உழைப்பு ஒன்றுதான். நேரமும் கேட்டிருந்தால் விசையில் போனவருக்கு 1.75 வினாடி உடனே கிடைத்துவிடும். ஆக, நேரான சாய்தளத்தில் உராய்வு இருந்தால் என் ஓட்டு விசைக்கு.

வளைந்த சறுக்குப்பாதையில் நிலைமை வேறு. உராய்வு இல்லையென்றால் ஆற்றல்தான். பாதையின் வடிவமே தேவையில்லை, உயரம் போதும். உராய்வும் வளைவும் சேர்ந்தால் செங்குத்து எதிர்விசை வேகத்தைப் பொறுத்து இடத்துக்கு இடம் மாறும். அப்போது இரண்டு வழியும் எளிதாக முடியாது. அத்தகைய கணக்கில் 'உராய்வால் இழந்த ஆற்றல் எவ்வளவு' என்று மட்டும்தான் பெரும்பாலும் கேட்பார்கள்; கடைசி வேகத்தைக் கேள்வியிலேயே தந்துவிடுவார்கள்.

ஓய்வுநிலை உராய்வுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. 2 கிலோ கட்டை 30° சாய்தளத்தில் அசையாமல் இருக்கிறது, ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.7. உராய்வு விசை என்ன என்று கேட்டால் குணகத்தை எதிர்விசையால் பெருக்கி 12.1 நியூட்டன் என்று எழுதுவார்கள். அது உராய்வின் உச்சவரம்பு. கட்டையைப் பிடித்து நிறுத்தத் தேவைப்படுவது 10 நியூட்டன்தான், உராய்வும் அவ்வளவுதான் தரும். இங்கே விசைப்படத்துக்கு மாற்று கிடையாது.

சுருள்வில்லை விரைவாகக் கடந்துவிடலாம். விசை தூரத்தோடு மாறிக்கொண்டே இருப்பதால் இரண்டாம் விதியை எழுதினால் வகைக்கெழுச் சமன்பாடு வரும். அதிகபட்ச அமுக்கம் கேட்டால் ஆற்றல், எத்தனை வினாடியில் நின்றது என்று கேட்டால் அலைவுக் காலத்தின் கால்பகுதி.

இரண்டும் சேர்ந்தால்தான்

செங்குத்து வட்டத் தண்டவாளத்தில் ஒரு கட்டை உராய்வின்றிச் சறுக்கி முழுச் சுற்று வரவேண்டும். எந்த உயரத்திலிருந்து விடவேண்டும்? வட்டத்தின் உச்சியின் உயரத்திலிருந்து விட்டால் போதும், அதாவது ஆரத்தைப் போல் இருமடங்கு, என்று ஆற்றலை மட்டும் பார்ப்பவர் சொல்வார். கட்டை உச்சிக்கு வருவதற்கு முன்பே தண்டவாளத்தை விட்டுக் கழன்று விழுந்துவிடும். உச்சியில் தண்டவாளத்தை ஒட்டியிருக்க ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். அதைச் சொல்வது அந்தப் புள்ளியில் வரையும் விசைப்படம். அந்த வேகத்தை ஆற்றல் சமன்பாட்டில் போட்டால் உயரம் ஆரத்தைப் போல் இரண்டரை மடங்கு. கட்டைக்குப் பதில் சிறிய திண்மக் கோளம் வழுக்காமல் உருண்டுவந்தால் 2.7 மடங்கு, ஆற்றலில் ஒரு பங்கு சுழற்சிக்குப் போய்விடுவதால் இன்னும் உயரத்திலிருந்து விடவேண்டும்.

அரைக்கோளத்தின் உச்சியிலிருந்து வழுக்கும் பொருள் எங்கே பரப்பை விட்டு விலகும் என்பதும் இதே குடும்பம். படத்தில் ஒன்றில் தண்டவாளம், மற்றதில் குமிழ் போன்ற பரப்பு. ஆனால் போடும் முறை வரிக்கு வரி ஒன்று. ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் விலகிவிடும். 'விலகும்', 'தளரும்', 'ஒட்டியிருக்கும்' போன்ற சொற்கள் கேள்வியில் வந்தால், ஏதோ ஒரு விசை சுழியாகும் இடத்தைக் கேட்கிறார்கள் என்று பொருள். ஆற்றல் மட்டும் போதாது.

நகரும் ஆப்பு

கடைசியாகப் போலி விசையும் லக்ராஞ்சியும். இவை எப்போது தேவைப்படும் என்பதை ஒரே கணக்கில் காட்டலாம். 2 கிலோ நிறையுள்ள, 45° சாய்வுள்ள ஓர் ஆப்பு, வழவழப்பான தரையில் தாராளமாக நகரக்கூடியது. அதன் சாய்வில், தரையிலிருந்து 0.75 மீட்டர் உயரத்தில் 1 கிலோ கட்டையை விடுகிறோம். எங்கும் உராய்வு இல்லை. கட்டை இறங்க இறங்க ஆப்பு பின்னோக்கி நழுவும்.

நேரடி விசை வழியில் கட்டைக்கு இரண்டு சமன்பாடு, ஆப்புக்கு ஒன்று, கட்டை சாய்வை விட்டு விலகாது என்ற கட்டுப்பாட்டுக்கு ஒன்று. நான்கில் கடைசி ஒன்றைத்தான் எல்லோரும் தவறாக எழுதுவார்கள். போலி விசை அந்தத் தொல்லையை நீக்குகிறது. ஆப்பின் மேல் உட்கார்ந்து பார்ப்பவருக்குக் கட்டை சாய்வின் வழியே மட்டும் நகர்கிறது. அதற்கு விலையாக, ஆப்பின் முடுக்கத்துக்கு எதிர்த்திசையில் ஒரு போலி விசையைச் சேர்க்கவேண்டும். முடுகும் பேருந்து, லிஃப்ட், ஆப்பு போன்றவற்றுக்கு இது நல்ல வழி. ஆனால் வட்ட இயக்கத்தில் புதியவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பேன். தரையில் நின்று பார்ப்பவரின் மையநோக்கு விசையையும் சுழல்பவரின் மையவிலக்கு விசையையும் ஒரே படத்தில் வரைந்து, இரண்டும் சமன் என்று எழுதிவைக்கும் விடைத்தாள்கள் ஏராளம். எந்தக் குறிப்பாயம், அதாவது யார் நின்று பார்க்கும் பார்வை, என்று முதல் வரியில் எழுதிவிட்டுத் தொடங்கினால் இந்தக் குழப்பம் பெருமளவு குறையும்.

கடைசி வேகங்கள் மட்டும் போதுமென்றால் ஆற்றலும் உந்தமும் சேர்ந்தே முடித்துவிடும். கிடைத்திசையில் புறவிசை இல்லை, ஆகவே அந்தத் திசையில் உந்தம் மாறாது: ஆப்பு ஒரு பங்கு வேகத்தில் போனால் கட்டை இரண்டு பங்கு வேகத்தில் எதிர்ப்பக்கம் போகும். ஆப்பிலிருந்து பார்த்தால் கட்டையின் கிடை வேகம் மூன்று பங்கு. சாய்வு 45° என்பதால் கீழ்நோக்கிய வேகமும் மூன்று பங்கு. இழந்த 7.5 ஜூலை இவற்றுக்குப் பிரித்தால் ஒரு பங்கு என்பது 1 மீ/வி என்று வரும். கட்டை தரையைத் தொடும் நேரத்தில் ஆப்பு 1 மீ/வி, கட்டை கிடையாக 2, கீழ்நோக்கி 3. ஒரு விசையைக்கூடத் தொடவில்லை. செங்குத்துத் திசையில் உந்தம் மாறாது என்று எழுதிவிடாதீர்கள். அங்கே தரையும் ஈர்ப்பும் இருக்கின்றன.

லக்ராஞ்சி 1788-ல் வெளியிட்ட தன் இயக்கவியல் நூலின் முன்னுரையிலேயே, இந்த நூலில் படங்களே இருக்காது என்று பெருமையாகச் சொன்னவர். விசைப்படம் வரையத் தேவையில்லாத முறை அது. இயக்க ஆற்றலையும் நிலை ஆற்றலையும் ஏற்ற ஆயங்களில் (இருப்பிடத்தைக் குறிக்கும் அளவுகளில்) எழுதினால் போதும், மீதி வகையிடல்தான். இந்த ஆப்புக்கு இரண்டு ஆயங்கள்: ஆப்பு நகர்ந்த தூரம், கட்டை சாய்வில் இறங்கிய தூரம். இரண்டு சமன்பாடுகளைத் தீர்த்தால் ஆப்பின் முடுக்கம் 2 மீ/வி². கட்டுப்பாடு ஆயத்திலேயே அடங்கிவிட்டதால் அதைத் தவறாக எழுத வழியில்லை. இரட்டை ஊசல் போன்றவற்றில் இதற்கு நிகரே இல்லை. ஆனால் உராய்வு வந்தால் இதன் அழகு போய்விடும். சாதாரண அட்வுட் கணக்குக்கு இதைக் கொண்டுவருவது வீண் ஆடம்பரம். அதோடு, பாடத்திட்டத்தில் இது வருவதற்கு முன்பே யூடியூபில் பார்த்துவிட்டு முதலாண்டுத் தேர்வில் எழுதினால், 'நியூட்டனின் விதிகளைப் பயன்படுத்தி' என்ற கேள்விக்கு மதிப்பெண் கிடைக்காமல் போகலாம்.

அந்த ஆப்புக் கணக்கில் அடுத்த உட்பிரிவு பெரும்பாலும் கட்டைக்கும் ஆப்புக்கும் இடையிலான செங்குத்து எதிர்விசை. லக்ராஞ்சியின் முறை கைவிட்டது சரியாக அதைத்தான். நிலையான சாய்தளம் என்ற நினைப்பில் எழுதினால் 7.07 நியூட்டன் வரும், அது தவறு. ஆப்பு விலகிப்போவதால் எதிர்விசை அதைவிடக் குறைவு. ஆப்புக்கு மட்டும் ஒரு விசைப்படம் வரையுங்கள். கிடைத்திசையில் அதைத் தள்ளுவது எதிர்விசையின் 45° கூறு ஒன்றுதான். நிறை 2, முடுக்கம் 2, ஆகவே அந்தக் கூறு 4 நியூட்டன். எதிர்விசை 5.66 நியூட்டன்.